பின்கதவு

கிற்றார் அம்ப்ளிபயரின் இரைச்சலுக்குள் யாரோ தட்டுவதுபோல இருந்தது. சவுந்தரநாயகம் முதலில் அதைப் பெரிதுபடுத்தவில்லை. வீட்டில் கட்டிய வால்வு அம்ப் இரையத்தான் செய்யும். பழைய றேடியோக்களில் கழற்றிய நாலு கண்ணாடி வால்வில் ஏதோ ஒன்று பழுதாயிருக்கும். கிற்றார் வயரைக் கழற்றினான். சத்தத்தைக் குறைத்தான். இரைச்சல் தாழ்ந்தது, தட்டல் தாழவில்லை.

கொழும்பு வெள்ளவத்தையின் அந்த மாடியறையில், கடற்காற்றின் உப்பு வாசமும் உருகிய ஈயத்தின் வாசமும் கலந்து கிடக்க, இரண்டு மாதமாக அவன் தனியாகத்தான் சோறு தின்கிறான், தனியாகத்தான் கதைக்கிறான். அம்ப் கட்டத் தொடங்கியது கிளறன்சுக்காக. அறையில் கூட இருந்த சிநேகிதன், கிற்றாரும் அவனுடையதுதான். கொழும்பில் தங்கும் தமிழர் எல்லாரும் பதியவேண்டிய பொலிஸ் பதிவில் கிளறன்சின் பெயரைச் சேர்க்க நாளைக்கு, நாளைக்கு என்று இரண்டு பேரும் கடத்திவிட்டார்கள். சுற்றிவளைப்பு நடந்த அன்று கிளறன்ஸ் படியேறி ஓடிவந்து தட்டினான். முதலில் இரண்டு, பிறகு ஒன்று. அது அவர்களுக்குள் வைத்திருந்த அடையாளம். பின்னால் ஆமிக்காரரின் சப்பாத்துச் சத்தம். பதிவில்லாதவனை உள்ளே விட்டால் இரண்டு பேரும் போகவேண்டும். சவுந்தரநாயகம் தாழ்ப்பாளில் கை வைத்தபடி நின்றான், திறக்கவில்லை. கிளறன்சைக் கதவோடு சேர்த்து அடித்ததில் பலகை பிளந்தது. அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள், பிறகு ஒரு தகவலும் இல்லை.

"தம்பி, மேல ஆர் தட்டுறது? ஆரும் வந்திருக்கினமோ?" கீழே இருந்து வீட்டுக்கார நேசம் அக்கா கூப்பிட்டார்.

"இல்லையக்கா. அம்ப் பழுது, பாத்துக்கொண்டிருக்கிறன்."

"கெதியா நிப்பாட்டும். ஒழுங்கைக்குள்ள செக்கிங் வாறாங்களாம்."

பென்சிலின் பின்பக்கத்தால் ஒவ்வொரு வால்வாகத் தட்டிப் பார்த்தான். பழுதான வால்வு ஸ்பீக்கரில் மணிபோல ஒலிக்கும், பிடித்துவிடலாம். முதலாவது சும்மா இருந்தது. இரண்டாவதும். மூன்றாவதை இரண்டு தரம் தட்டினான்.

ஸ்பீக்கர் இரண்டு தரம் தட்டியது. பிறகு ஒன்று.

 மூன்றாவது வால்வு இன்னும் சுட்டது, சாரத்துணியால் பிடித்துக் கழற்றினான். தட்டல் நிற்கவில்லை. மற்ற மூன்றையும் கழற்றினான். நாலு மணிக்கு வழக்கமான மின்வெட்டு வந்தது, மின்விசிறி மெல்ல மெல்ல நின்றது. கப்பாசிற்றரில் கொஞ்சம் கரண்ட் தேங்கி நிற்கும், அதுதான் என்று தனக்கே சொல்லிக்கொண்டான். காத்திருந்தான். கோட்டை ஸ்ரேசன் பக்கமாக ஒரு ரயில் போனது. அது போன பிறகும்.

இரண்டு. ஒன்று.

ஸ்பீக்கரிலிருந்து இல்லை. பெட்டியின் பின்னாலிருந்து.

நேசம் அக்கா புதுக் கதவு போட்டபோது, நல்ல தேக்கை எறிய மனம் வராமல், பழைய கதவின் ஒரு துண்டைத்தான் அவன் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்கதவாகப் போட்டிருந்தான். அதே பிளவு. அதே தாழ்ப்பாள்.

"நாயகம்," உள்ளே மூச்சு வாங்கியது. "திற மச்சான்."

அவன் அழுதுகொண்டே தாழ்ப்பாளை இழுத்தான். இந்த முறை திறப்பான். கட்டாயம் திறப்பான். ஒரு சாண் திறந்தது. மாடிப்படியின் ஈரவாசம் வந்தது. நாலு விரல்கள் பலகையின் ஓரத்தைப் பிடித்தன. நகங்கள் இல்லை.

வெளியே படியில் சப்பாத்துச் சத்தம். ஏறியது.

அவனுடைய கை பெட்டிக் கதவைத் திரும்ப மூடத் தள்ளியது. விரல்கள் நசுங்கின. இன்னும் தள்ளியது.

விரல்கள் விடவில்லை.