காப்பி வடிகட்டிய கார்ப்பரல்

"அடப்பாவி!"

முகாமே திரும்பிப் பார்த்தது.

அமெரிக்காவில் தெற்கு மாநிலங்கள் பிரிந்துபோய், உள்நாட்டுப் போர் மூண்டு ஒரு மாதம். வடக்கே ஓஹியோவின் ஒரு சின்ன ஊர்ச் சந்தைத் திடலில் தொண்டர் படை ஒன்று கூடாரம் அடித்திருந்தது. தொப்பிமேல் மாட்டிப் பின்கழுத்தில் தொங்கவிட, ஊர்ப் பெண்கள் எண்பது வெள்ளைத் துணிகள் தைத்துக் கொடுத்திருந்தார்கள். தெற்கத்தி வெயில் சிப்பாய்களைச் சுட்டுவிடக் கூடாதாம். அவர்களில் ஒருத்தி ஃபிலீனா. அவள் தன் கையால் தைத்த ஒன்றில்... ஒரு கார்ப்பரல் காப்பி வடிகட்டிக்கொண்டிருந்தான்!

"அது கழுத்துக்குங்க!" என்று பாய்ந்தாள்.

"காப்பியும் கழுத்து வழியாத்தானேங்க இறங்குது?"

நிமிர்ந்தான். மழை விட்ட ஏரி மாதிரி சாம்பல் கண்கள்... சே, என்ன நினைப்பு இது!

"உங்க கேப்டன் எங்கே? அவர்கிட்டயே சொல்றேன்."

"அதோ, ரெண்டாவது கப் குடிக்கிறாரே... அவர்தான்."

தையல் சங்கத்தின் முப்பது பெண்கள் முன்னால் அவள் சபதமே போட்டுவிட்டாள். "அந்த ஆளோட ஒரு வார்த்தை பேசினா என் பேரு ஃபிலீனா டட்டில் இல்ல!"

மறுநாள் அவன் துணியைத் துவைத்து எடுத்து வந்தான். "என் பேரு அசாஹெல் பைக்குங்க. கறை போகலீங்க." அவள் வாய் திறக்கவில்லை. அடுத்த நாளும் வந்தான். ஐந்து நாள்! ஒரே துணியை ஐந்து தடவை துவைக்கிறவனை என்னதான் செய்வது? ஆறாம் நாள் அவன் வரவில்லை.

படையைப் போர்முனைக்கு ஏற்றிப்போக ரயில்தான் வந்தது.

ஸ்டேஷனில் கொட்டும் மழை. படை விறைப்பாக வரிசையில் நின்றது. வரிசையில் நிற்பவன் திரும்பக் கூடாது, பேசக் கூடாது. அவன்தான் வாயைத் திறக்க முடியாதே... அப்படியானால் அவள் மட்டும் பேசினால் சபதம் உடையுமா என்ன?

முப்பது குடைகள் பார்த்துக்கொண்டிருக்க, அவள் ஓடினாள்.

"மிஸ்டர் பைக்! கோபமெல்லாம் பொய்யி... அஞ்சு நாளும் நீங்க வர்ற நேரம் பார்த்து ஜன்னல்லதான் நின்னேன். உசிரோட திரும்பி வாங்க. ஏதாவது சொல்லுங்களேன்!"

அவன் காது மட்டும் சிவந்தது. வாய் அசையவில்லை.

ரயில் ஊதியது.

கேப்டன் பிஸ்ஸெல் தொண்டையைக் கனைத்தார். படை வீரர்கள் ஓட்டுக்குக் கை தூக்கித்தான் இவரைக் கேப்டனாக்கினார்கள். அந்த நன்றியில் எதையும் ஓட்டுக்கு விட்டுவிடுவார். "கார்ப்பரல் பதில் சொல்லலாமா? சம்மதம்கிறவங்க கை தூக்குங்கப்பா!"

எண்பது கைகள். முதலில் உயர்ந்தது கார்ப்பரலின் கை.

"உங்களப் பார்த்த நாள்லேர்ந்து எனக்குத் தூக்கமே இல்லீங்க. மூணு மாசத்துல திரும்பிடுவேன்... என்னைக் கட்டிக்குவீங்களா?"

"இதுக்குச் சம்மதம்கிறவங்க..." என்று ஆரம்பித்தார் கேப்டன்.

"இதுல ஒரே ஓட்டுதான், கேப்டன்," என்றாள் அவள்.

ஓஹியோவில் அப்போது பெண்களுக்கு ஓட்டு கிடையாது. இருந்தாலும், கொட்டும் மழையில்... ஃபிலீனாவின் கை உயர்ந்தது.