எதிரே வந்த முகங்கள்

"சாயங்காலத்துக்குள்ள என்னைப் புடிச்சிட்டுப் போயிடுவாங்க மேடம். நான் எதுவுமே பண்ணல" என்றாள் மேக்கப் போடும் மெஹ்ருன்னிசா. துப்பறிவாளர் எழிலரசி பதறாமல் முழுக்கதையும் கேட்டாள்.

கிரிவலப் பாதைக்குப் பக்கத்தில், வேங்கிக்கால் லாட்ஜ் ஒன்றில் படப்பிடிப்பு. விபசாரக் கும்பலுக்குள் வேடமிட்டு நுழையும் பெண் போலீஸின் கதை. சனிக்கிழமை எடுத்த படுக்கையறைக் காட்சியை, மறுநாள் காலை எல்லோரும் டிபனுக்குப் போன நேரத்தில் யாரோ மானிட்டரில் ஓடவிட்டு, செல்போனில் பிடித்து ஊருக்கே அனுப்பிவிட்டார்கள். மேக்கப் சாமான்களும் மானிட்டர் அறையில்தான் இருந்தன. அதன் சாவி இரண்டு பேரிடம்தான்: மெஹ்ருன்னிசா, தயாரிப்பாளர் சக்கரவர்த்தி. பழி யார் தலையில் விழும் என்று கேட்கவும் வேண்டுமா?

எழிலரசி லாட்ஜ் ஹாலுக்குள் நுழைந்ததும் எல்லோரும் முறைத்தார்கள்.

"போலீஸுக்குச் சொல்லியாச்சு. நீ யாரும்மா நடுவுல?" என்றார் சக்கரவர்த்தி. "நான் அப்ப கிரிவலத்துல இருந்தேன். விடியக்காலைல கெளம்பி மொத்தமும் நடந்துட்டு மத்தியானம்தான் வந்தேன். இந்தா, பாரு."

செல்போன் வீடியோவில் இடப்பக்கம் மலை. சாலையோர மரங்கள் வேகமாகப் பின்னால் நகர்ந்தன. வெறுங்காலுடன் வந்த பக்தர்கள் கேமராவைப் பார்த்தபடி கடந்துபோனார்கள்.

"அப்ப இவரு இல்லீங்க மேடம்" என்று முணுமுணுத்தான் எழிலரசியின் உதவியாளன் மாறன்.

"மாறா, கிரிவலம் போறப்ப உனக்கு முன்னால என்ன தெரியும்?"

"முன்னால போறவங்க முதுகு" என்றவன் சட்டென்று நிமிர்ந்தான். "இதுல எல்லாம் மூஞ்சியா இருக்கே!"

எழிலரசி தயாரிப்பாளரிடம் திரும்பினாள். "மலையை வலப்பக்கமா வெச்சுத்தான் அத்தனை பேரும் சுத்துவாங்க. நீங்க எதிர்த் திசையில போயிருக்கீங்க."

"திரும்பி நின்னு எடுத்தேன்."

"நின்னு எடுத்தா மரம் ஏன் இவ்வளவு வேகமா நகருது? கார்ல போயி கொஞ்சம் எடுத்துட்டு, டிபன் நேரத்துக்குள்ள திரும்பிட்டீங்க. சாவி உங்ககிட்டயும் இருக்கு. பொய்யும் நீங்க மட்டும்தான் சொல்லியிருக்கீங்க. விளம்பரத்துக்குத்தானே?"

சக்கரவர்த்திக்கு வெட்கமே இல்லை. "ஆமா. என் படம், என் இஷ்டம். ஊரே பேசுது இல்ல? இவ நாலு நாள் உள்ள இருந்துட்டு வந்தா கொறைஞ்சா போயிடுவா?"

காலையிலிருந்து மூலையில் தலை குனிந்திருந்த கதாநாயகி கவிநிலா எழுந்தாள். "அசிங்கப்பட்டது நான். புகார் நான் குடுக்கறேன்" என்றாள்.

"க்ளைமாக்ஸ் பாக்கி இருக்கேம்மா" என்றார் சக்கரவர்த்தி. முதல் தடவையாக அவர் குரல் இறங்கியிருந்தது.

"பாக்கியாவே கெடக்கட்டும்" என்று சொல்லி, மெஹ்ருன்னிசாவின் கையைப் பிடித்துக்கொண்டு காவல் நிலையத்துக்குக் கிளம்பினாள் கவிநிலா.