டாயில் கெஸிங்கரின் கையெழுத்து

ஜனவரியில் பட்டன்வில்லோ பக்கம் போகிறவனுக்கு நடுப்பகல் என்பது கடிகாரத்தில் மட்டும்தான் இருக்கும். மூடுபனி தரையிலிருந்து கிளம்பி பாதாம் தோப்பு, மின்கம்பம், முன்னால் போகிற லாரி எல்லாவற்றையும் விழுங்கிவிடும். வெர்லின் ஸ்ட்ரௌட் அந்தப் பனியைத் திட்டிக்கொண்டே வந்தான். பின்னால் காலி ட்ரெய்லர் கடகடவென்று ஆடியது. அதையும் திட்டினான். அவன் திட்டாத பொருள் உலகத்தில் குறைவு.

அவன் தொழில் அப்படி. ஒரு காலத்தில் கையில் காசில்லாத பையன்கள் குப்பைக் கிடங்கிலிருந்து பழைய ஃபோர்டுகளைப் பொறுக்கி வந்து, மட்கார்டைக் கழற்றி, கூரையை வெட்டி, பெரிய எஞ்சினைத் திணித்து, வறண்ட ஏரிகளில் பந்தயம் விட்டார்கள். ஹாட் ராட் என்று பேர். இன்றைக்கு அதே வண்டிகளைத் தொந்தி விழுந்த பணக்காரர்கள் பட்டுத்துணியால் துடைக்கிறார்கள். காணாமல் போன ஒவ்வொன்றையும் தேடிப் பிடிப்பதும், மற்றவன் வைத்திருப்பது போலி என்று நிரூபிப்பதும் வெர்லினின் பிழைப்பு. பழைய போட்டோவைப் பூதக்கண்ணாடியில் வைத்து, வெல்டிங் கோணலையும் திருகு ஓட்டையையும் ஒப்பிட்டுச் சொல்லிவிடுவான். முப்பது வருஷத்தில் ஒருமுறைகூடத் தப்பியதில்லை. அந்தத் திமிர் நடையிலேயே தெரியும்.

இந்த முறை திமிர் கொஞ்சம் எல்லை மீறிவிட்டது. போமராய் என்கிற பல் டாக்டர், அந்தக் காலத்து ஏரிப் பந்தயக்காரன் டாயில் கெஸிங்கரின் முப்பத்திரண்டாம் வருஷத்து ரோட்ஸ்டர், அந்தக் கூரையில்லாத ஃபோர்டு, தன்னிடம்தான் இருக்கிறது என்று ஊரெல்லாம் காட்டிக்கொண்டிருந்தான். அது போலி என்று வெர்லின் பத்திரிகையில் எழுதினான். அதோடு நிறுத்தியிருக்கலாம். இந்த மாசம் ஃப்ரெஸ்னோ கண்காட்சியில் நிஜ வண்டியை நிறுத்துகிறேன், இல்லாவிட்டால் இந்தத் துறையில் இனி ஒரு வரி எழுதமாட்டேன் என்றும் எழுதிவிட்டான். எழுதும்போது நிஜ வண்டி எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது.

பிறகுதான் லவான் டாக்கெட் என்கிற கிழவியிடமிருந்து, அந்த வண்டி தன் கொட்டகையில் நிற்கிறது என்று கடிதம் வந்தது.

வீட்டு வாசலிலேயே நின்றாள் கிழவி. எண்பது வயசுக்கு மேல். கையில் காப்பி. அவனுக்கு ஒரு கோப்பை கொடுக்கவில்லை, உட்காரும்படியும் சொல்லவில்லை.

"நீதானா அந்தப் பழைய இரும்புக்காரன்?"

"நான் வரலாற்று ஆய்வாளன்மா."

"அதத்தான் சொன்னேன்."

வெர்லின் சிரித்து வைத்தான். இந்த மாதிரிக் கிழவிகளை அவன் நூறு பார்த்திருக்கிறான். கோழிக்கூண்டுக்குள் பொக்கிஷத்தை வைத்துக்கொண்டு அதன் மேல் உருளைக்கிழங்கு மூட்டையை அடுக்குகிற ஜன்மங்கள்.

"நெலத்த வித்தாச்சு தம்பி. அடுத்த வாரம் கொட்டகைய இடிக்கிறாங்க. கூரை போச்சுன்னா அவன் எங்க போய்க் கெடப்பான்? அதான் உனக்கு எழுதினேன்."

"யாரும்மா?"

"வண்டிக்காரன்."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். பக்கத்து வீட்டுக்காரனைப் பற்றிச் சொல்வது மாதிரி.

"ஐம்பத்தொண்ணுல எங்கண்ணன் ஆர்வலும் டாயிலும் ரோஸ் காகிதத்துக்கு, அதான் வண்டியோட உரிமைச் சீட்டுக்கு, பந்தயம் வெச்சாங்க. தோத்தவன் வண்டியோட காகிதத்துல கையெழுத்துப் போட்டுக் குடுத்துரணும். டாயில் தோத்துட்டான். கடைசியா ஒருவாட்டி வீட்டுக்கு ஓட்டிட்டுப் போறேன், காலைல வந்து போட்டுத் தரேன்னான். அந்த ஒரு சவாரிய ஜெயிச்சவன் குடுத்துருவான். பசங்களுக்குள்ள அது வழக்கம். அன்னிக்கும் இதே பனிதான். வண்டியோட வாய்க்கால்ல போய் விழுந்தான்."

"அய்யய்யோ. வண்டிக்கு ரொம்ப அடியா?"

கிழவி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். செருப்பில் ஒட்டியதைப் பார்க்கிற பார்வை.

"வண்டி நல்லாத்தான் இருந்துச்சு, அண்ணன் இழுத்துட்டு வந்து கொட்டகையில வெச்சான். நீ அதத்தானே கேப்ப." அவள் உள்ளே போய்ப் பழைய உறை ஒன்றைக் கொண்டுவந்தாள். "காகிதமும் வண்டியோட இருக்கட்டும். ஆனா அதுல யாரும் எதுவும் எழுதக் கூடாது. கையெழுத்துப் போட அவன் இன்னும் வரல. வந்தா அவனே போடட்டும். அதுவரைக்கும் அந்த எடம் காலியா இருக்கணும். சத்தியம் பண்ணு."

வெர்லின் நெஞ்சில் கைவைத்துச் சத்தியம் செய்தான். கிழவிகளுக்குச் சத்தியம் செய்வது அவன் தொழிலில் அன்றாட வேலை.

கொட்டகைக் கதவைத் திறந்ததும் முதலில் வந்தது வாசனை. தூசியோ எலிப் புழுக்கையோ இல்லை. பாசியும் சேறும் கலந்த வாய்க்கால் வாசனை.

வண்டி நடுவில் நின்றது. டார்ச் வெளிச்சத்தில் வெர்லின் டாஷ்போர்டு ஓட்டைகளை எண்ணினான். ஏழு. மூன்றாவது கோணல். மண்ணில் மல்லாந்து படுத்து இடதுபக்கச் சட்டத்தைப் பார்த்தான். போட்டோவில் இருந்த அதே அவலட்சணமான வெல்டிங். அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. பெற்ற பிள்ளைக்குக்கூட அவன் அழுததில்லை.

அப்போதுதான் அந்தச் சத்தம்.

சொட்.

அவன் முகத்துக்குப் பக்கத்தில் மண்ணில் ஒரு துளி விழுந்தது.

சொட்.

எழுந்து பார்த்தான். வண்டி முழுக்க அறுபது வருஷத் தூசி. ஓட்டுநர் இருக்கை மட்டும் நனைந்து கறுத்திருந்தது. அமுக்கினால் தண்ணீர் வந்தது. ஐஸ் மாதிரிக் குளிர். மேலே தகரக் கூரையில் ஓட்டை எதுவும் தெரியவில்லை. அந்த வருஷம் அந்தப் பக்கம் மழையே பெய்யவில்லை என்பதும் அவனுக்குத் தெரியும். பயிர் கருகியதென்று விவசாயிகள் அழுததை ரேடியோவில் கேட்டு, இதே வேலையாப் போச்சு இவனுங்களுக்கு என்று சேனலை மாற்றியவன் அவன்.

"பைப் ஏதாவது ஒழுகும்" என்று சொல்லிக்கொண்டான். கொட்டகையில் பைப் கிடையாது.

ட்ரெய்லரில் ஏற்றும்போது கிழவி வெளியே வரவில்லை. ஜன்னல் திரையை மட்டும் இழுத்து மூடினாள்.

பேக்கர்ஸ்ஃபீல்டில் அவன் பட்டறைக்கு வந்து நாலு நாள் கழித்துத்தான் கண்காட்சி விதிகளை ஒழுங்காகப் படித்தான். உரிமைக் காகிதத்தில் வண்டியைக் கைமாற்றிய பழைய உரிமையாளரின் கையெழுத்து வேண்டும். இல்லாவிட்டால் வண்டி மேடை ஏறாது. போமராய் இதைத்தான் முதலில் பிடித்துக்கொள்வான். அந்தச் சொத்தைப்பல் பிடுங்கியின் முன்னால் தலைகுனிவதா?

வெர்லின் ரொம்ப யோசிக்கவில்லை. செத்தவன் கையெழுத்தைப் போடுவது இந்த உலகத்தில் பலரும் செய்கிற காரியம். யாரும் வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான். அடுத்தவன் செய்ததை இவனே எத்தனையோ முறை கண்டுபிடித்துச் சந்தி சிரிக்க வைத்திருக்கிறான். ஆனால் இவன் செய்தால் அது வரலாற்றுக்குச் செய்கிற சேவை.

டாயில் ஏரிப் பந்தயத்துக்குக் கொடுத்த பழைய நுழைவுச் சீட்டின் நகல் அவனிடம் இருந்தது. முதலெழுத்துக்குத் தொப்பை, முடிவில் வலதுபக்கம் கீழே இறங்குகிற நீண்ட வால். நூறு தடவையாவது பழக வேண்டியிருக்கும் என்று வெள்ளைத்தாள் கட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

முதல் தடவையிலேயே வந்துவிட்டது.

நகலோடு ஒப்பிட்டான். மயிரிழை வித்தியாசம் இல்லை. ரோஸ் காகிதத்தை இழுத்துப் போட்டான். அவன் பேனாவை வைத்ததுதான் தெரியும். கை தானாக ஓடி, வாலை இழுத்து, நின்றது. அடுத்த வரியில் புது உரிமையாளர் இடத்தில் வெர்லின் ஸ்ட்ரௌட் என்று எழுதினான்.

"கிழவி, உன் ஆளு வந்து கையெழுத்துப் போட்டாச்சு" என்று சிரித்தான்.

பேனாவைக் கீழே வைத்தபோதுதான் விரல்களைக் கவனித்தான். ஐந்தும் வெளுத்து, சுருங்கி, ஊறிப்போயிருந்தன.

வெகுநேரம் தண்ணீருக்குள் இருந்த விரல்கள்.

ஃப்ரெஸ்னோவில் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் கூட்டம் அலைமோதியது. தூசி துடைக்காத அந்த ரோட்ஸ்டரைச் சுற்றிப் பெரிய மனுஷர்கள் குழந்தைகள் மாதிரி எட்டிப் பார்த்தார்கள். பக்கத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ரோஸ் காகிதம். நடுவர் ஆர்டித் அம்மாள் ஓட்டைகளை எண்ணினாள், படுத்துப் பார்த்தாள், எழுந்து வெர்லினின் கையைக் குலுக்கினாள்.

"ஏன் இவ்ளோ சில்லுனு இருக்கு கை? டென்ஷனா?" என்றாள். "சரி, இந்தப் பதிவேட்டுல கையெழுத்துப் போடுங்க. முதல் பரிசு அறிவிச்சிடலாம்."

தூரத்தில் போமராய் முகம் செத்துப் போய் நின்றான். வெர்லின் அவனைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டான்.

ஆர்டித் அம்மாள் சிரித்தாள். "உங்க பேர எழுதுங்க சார். வண்டிக்காரன் பேர எழுதிட்டீங்க."

குனிந்து பார்த்தான்.

டாயில் கெஸிங்கர்.

அடித்துவிட்டு மறுபடியும் போட்டான். மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக, தன் பெயரைத்தான் நினைத்துக்கொண்டு.

டாயில் கெஸிங்கர்.

இடது கைக்குப் பேனாவை மாற்றப் பார்த்தான். வலது கை விடவில்லை. மூன்றாவது தடவையும் எழுதியது. தொப்பை, சாய்வு, கீழே இறங்கும் வால். மை காகிதத்தில் ஈரமாகப் பரவியது.

போமராய் பக்கத்தில் வந்துவிட்டான். பதிவேட்டைப் பார்த்தான். கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றிக் காகிதத்தைப் பதிவேட்டின் பக்கத்தில் வைத்தான். வெர்லின் வாழ்நாளெல்லாம் அடுத்தவனுக்குச் செய்ததை அவன் இப்போது வெர்லினுக்குச் செய்தான்.

"அச்சு அசல் ஒண்ணேதான்யா" என்றான் சத்தமாக. "அறுபது வருஷத்துக்கு முன்னாடி செத்தவன் நம்ம வெர்லின் கையால போட்டிருக்கான். எங்களையெல்லாம் திருடன்னியேடா. இப்ப நீ யாருடா?"

"நான் போடல" என்றான் வெர்லின். "என் கை... அது என் கை இல்ல."

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். முப்பது வருஷம் அவன் நாக்கில் அடிபட்டவர்கள் அந்த ஹாலில் நிறையப் பேர் இருந்தார்கள். அவமானம் அவன் காதுவரை சுட்டது. கை மட்டும் குளிர்ந்து கிடந்தது.

அது இன்னும் எழுதிக்கொண்டிருந்தது.

பதிவேட்டின் கடைசிக் கட்டம், வண்டியை வெளியே ஓட்டிச் செல்பவர் பெயர். அதே சாய்ந்த எழுத்தில், அதே வாலோடு, கை நிதானமாக எழுதி முடித்தது.

வெர்லின் ஸ்ட்ரௌட்.

சிரிப்பு நின்றது. ஏனென்றால் மேடையில் எஞ்சின் உறுமியது.

அந்த வண்டியில் பேட்டரி கிடையாது. பெட்ரோல் டாங்கி துருப்பிடித்து ஓட்டை விழுந்தது. வெர்லினே காலையில் எல்லோருக்கும் பெருமையாகக் காட்டியிருந்தான்.

கை அவனை இழுத்துக்கொண்டு போனது. கயிற்றில் கட்டிய மாடு மாதிரி அவன் பின்னால் போனான். "யாராவது பிடிங்க" என்றான். யாரும் பிடிக்கவில்லை. ஓட்டுநர் இருக்கையின் ஈரம் பேண்ட்டைத் தாண்டித் தொடையில் ஏறியது. பக்கத்து இருக்கை மெல்ல அமுங்கியது. யாரோ நகர்ந்து உட்கார்ந்து அவனுக்கு இடம் விட்டதுபோல.

பாசி வாசனையோடு காதருகே ஒரு குரல். சின்னப் பையன் குரல். கோபமே இல்லை அதில்.

"கையெழுத்துப் போட்டாச்சில்ல. இனி வண்டி உன்னுது. என்னைய வீட்டுல கொண்டு விட்டுருண்ணே."

ஹால் வாசலுக்கு வெளியே பனி இறங்கியிருந்தது. வண்டி அதற்குள் போனது.

செவ்வாய்க்கிழமை பட்டன்வில்லோ வாய்க்கால் கரையில் வண்டியைக் கண்டுபிடித்தார்கள். ஒரு கீறல் இல்லை. தண்ணீரை வடித்துத் தேடினார்கள். வெர்லின் கிடைக்கவில்லை. தேடுகிற இடத்துக்குப் போமராயும் போயிருந்தான். ஆளைத் தேட அல்ல. குனிந்து ஓட்டைகளை எண்ணினான், சட்டத்தைப் பார்த்தான், தன் வீட்டில் நிற்பது போலிதான் என்று அன்றைக்குத்தான் மனசார ஒப்புக்கொண்டான். கேட்பாரற்ற அந்த வண்டியை யார் யாரையோ பிடித்துத் தன் ஷெட்டுக்குக் கொண்டுவந்தும் விட்டான்.

காகிதத்தில் ஒரே ஒரு குறை. உரிமையாளர் வெர்லின் ஸ்ட்ரௌட் என்றிருக்கிறது. அவன் கைமாற்றித் தர வேண்டிய வரி காலி. போமராய் அதற்கெல்லாம் கலங்குகிறவனில்லை. வெர்லின் அவனைத் திட்டி எழுதிய கடிதங்கள் ஒரு பெட்டி நிறைய இருந்தன, ஒவ்வொன்றின் அடியிலும் கையெழுத்தோடு. ஒரு மத்தியானம் பழகிப் பார்க்கலாம் என்று தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

முதல் தடவையிலேயே அப்படியே வந்துவிட்டது. அவனுக்கு ஒரே பெருமை.