வேப்பங்கண்மாய் வக்கீல் டெண்டர்

வெள்ளிக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிடம்.

வேப்பங்கண்மாய் பேரூராட்சியின் தலைமை எழுத்தர் சங்கரபாண்டியன் தன் மேசைக்கும் டெண்டர் பெட்டிக்கும் நடுவில் குப்புறக் கிடந்தார். பின்மண்டை பிளந்திருந்தது. கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுத்து வைத்திருந்த பழைய குழவிக்கல் ரத்தத்தோடு பக்கத்தில் கிடந்தது. வீட்டில் சாப்பிட்டுவிட்டு ஏப்பம் விட்டபடி முதலில் உள்ளே வந்தவர் செயல் அலுவலர் சண்முகவேல். போலீசுக்குப் போன் செய்தார். ஆனால் அவருடைய கவலை செத்தவரைப் பற்றியதாக இல்லை. மூன்று மணிக்குப் பெட்டியைத் திறந்தாக வேண்டுமே என்பதுதான்.

அந்தப் பெட்டிக்குள் இருந்தது வக்கீல்களின் விலை. தெருவிளக்குக்கு டெண்டர், குப்பை வண்டிக்கு டெண்டர், கொசு மருந்துக்கு டெண்டர் என்று விட்டுக்கொண்டிருந்த ஊரில் இப்போது வக்கீலுக்கும் டெண்டர். ஊருக்கு மேற்கே உள்ள ஊருணிக்குத் தண்ணீர் கொண்டுவரும் கால்வாயை மறித்து ஒரு சோலார் கம்பெனி வேலி போட்டுவிட்டது. பேரூராட்சி வழக்குத் தொடுத்தது. வழக்கை நடத்திக்கொண்டிருந்த வக்கீல் உடம்புக்கு முடியாமல் விலகிக்கொண்டார். திங்கட்கிழமை விசாரணை. அதற்குள் வெளியிலிருந்து ஒருவரை அமர்த்த வேண்டும், யார் குறைந்த கட்டணம் கேட்கிறாரோ அவருக்கே வேலை என்று மேலிடத்து உத்தரவு. கத்தரிக்காய் வாங்கினால்கூடக் காம்பைக் கிள்ளிப் பார்க்கிறோம். வாதாடத் தெரியுமா என்று கேட்க அந்த உத்தரவை எழுதிய மகானுக்குத் தோன்றவில்லை.

மூன்று பேர் கவர் போட்டிருந்தார்கள். ஒருவர் நவநீதகிருஷ்ணன். அருப்புக்கோட்டையில் மூன்று தலைமுறையாக மளிகைக் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை. இரண்டாமவர் இன்பராஜ். காரியாபட்டியிலிருந்து தினமும் மதுரைக்குப் போய்வரும் வக்கீல். அவருடைய மச்சினன் அதே சோலார் கம்பெனிக்கு லோடு அடிப்பது ஊர் முழுக்கத் தெரியும். மூன்றாமவள் சுகப்பிரியா. ஊருணித் தெருவிலிருந்து படித்து மேலே வந்த முதல் வக்கீல். அவளுடைய அம்மா பொன்னுத்தாய் ஒரு காலத்தில் பருத்திக் காட்டில் கூலி வேலை பார்த்தவள். இப்போது மில்லுக்குப் போகிறாள். இன்பராஜ் கையில் வழக்குப் போனால் வாய்தா வாங்கி வாங்கியே ஊருணியைக் கொன்றுவிடுவார். சுகப்பிரியா கையில் போனால் தண்ணீர் வரலாம். ஊருணித் தெருப் பெண்களுக்கு அந்தப் பெட்டி கோயில் உண்டியலைவிடப் பெரிதாக இருந்தது. போன திங்கட்கிழமை முதல் ஆளாக அவள் கவரைப் போட்டபோது அவர்களும் கூட வந்து குலவையிட்டிருந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் தங்கச்செல்வி இரண்டரை மணிக்கு வந்தாள். நரிக்குடிக்காரி. பேச்சு சுருக்கு, நாக்கு கூர்மை. அறைக்குள் கால் வைத்ததுமே சட்டை முதுகோடு ஒட்டியது. சன்னல் இரண்டும் சாத்தியிருந்தன. நிமிர்ந்து பார்த்தாள்.

"ஃபேன் ஏன் ஓடல?"

"ஒரு மணிக்குக் கரண்டு போச்சுங்க மேடம்," என்றார் சண்முகவேல்.

"வராந்தாவுல லைட்டு எரியுதே."

"ரெண்டு மணிக்கு வந்துருச்சு. நான் வரும்போதே எரிஞ்சது."

அவள் சுவிட்ச் போர்டைப் பார்த்தாள். ஃபேன் சுவிட்ச் அணைத்திருந்தது. யார் தொட்டது என்று கேட்டாள். யாரும் தொடவில்லை. பேனா முனையால் தட்டினாள். ஃபேன் சுற்றியது. சன்னலைச் சாத்தியதும் யாரென்று தெரியவில்லை. சங்கரபாண்டியனுக்கு மூச்சு இளைப்பு உண்டு, அனல் காற்று அடித்தாலும் சன்னலைச் சாத்த விடமாட்டார் என்று மட்டும் சண்முகவேல் சொன்னார்.

பெட்டியின் பூட்டு பூட்டியபடி இருந்தது. கவர் போடும் வாயை நேற்று மாலையே தாள் ஒட்டி அடைத்துக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அதில் கீறல் இல்லை. சாவி இறந்தவரின் அரைஞாண் கயிற்றிலேயே இருந்தது. மேசை இழுப்பறையில் அலுவலகச் சில்லறைப் பணமும், முத்திரை வைக்கிற அரக்குக் குச்சியும், மெழுகுவர்த்தியும், தீப்பெட்டியும் இருந்தன. எதுவும் களவு போகவில்லை. பழைய பகை ஏதாவது இருக்கும் என்று சண்முகவேல் கருத்துச் சொன்னார். அவரை யாரும் கேட்கவில்லை.

டெண்டருக்கு வந்திருந்த மூவரையும் தங்கச்செல்வி வராந்தாவில் வைத்து விசாரித்தாள். நவநீதகிருஷ்ணன் அப்போதுதான் காரில் வந்து இறங்கியிருந்தார். டிரைவர் சாட்சி. இன்பராஜ் பல் குத்திக்கொண்டே பேசினார்.

"மத்தியானம் எங்க இருந்தீக?"

"பஸ் ஸ்டாண்டு டீக்கடையில."

"எத்தனை மணி வரைக்கும்?"

"மணி யாரு பாத்தா?"

சுகப்பிரியா அருப்புக்கோட்டை கோர்ட்டிலிருந்து பஸ்ஸில் வந்ததாகச் சொன்னாள். தெருப் பெண்கள் பேரூராட்சி வாசலில் அவளுக்காகக் காத்திருந்தது உண்மை. வாக்குமூலத்தை அவளே எழுதினாள். பேனாவை ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் செருகிக்கொண்டு, கட்டைவிரலைத் தூக்கியபடி, எழுத்துப் பழகும் பிள்ளைபோல் எழுதினாள்.

"கை நடுங்குதா?"

"எனக்கு ஸ்காலர்ஷிப் பாரம் எழுதிக் குடுத்தவுக மேடம் எழுத்தரய்யா. ஆறாப்புலருந்து வருஷா வருஷம்."

அவள் கண் கலங்கியிருந்தது. அந்தக் கலக்கம் பொய்யில்லை.

நான்கு மணி. பிணத்தை எடுத்துப் போயிருந்தார்கள். திங்கட்கிழமை கோர்ட், இன்றைக்கே வக்கீலை முடிவு செய்யாவிட்டால் என் வேலை போய்விடும் என்று சண்முகவேல் புலம்பினார். பெட்டி எனக்கும் வேண்டும், எல்லார் முன்னாலும் திற என்றாள் தங்கச்செல்வி. வராந்தாவில் கூட்டம் கூடியது. போன திங்கட்கிழமையிலிருந்து நேற்று மாலை வரை அந்தத் தகரப் பெட்டி அதே வராந்தாவில், வெயில் நேராக விழும் மூலையில்தான் இருந்தது.

மூடியைத் தூக்கியதும் முதலில் கையில் வந்தது சுகப்பிரியாவின் காக்கிக் கவர். அரக்கு முத்திரை வட்டமாக, விளிம்பு குலையாமல், செக்கச்செவேல் என்று இருந்தது. மற்ற இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே கட்டியாக வந்தன. நவநீதகிருஷ்ணனின் வெள்ளைக் கவர் அடியில், இன்பராஜின் வெள்ளைக் கவர் மேலே. இரண்டிலும் அரக்கு சப்பி இழுத்துக்கொண்டு போயிருந்தது. நவநீதகிருஷ்ணனின் கவருக்கு அடிப்புறம் ஒரு விரல் நீளத்துக்குக் காக்கித் தாள் தோலாக உரிந்து ஒட்டியிருந்தது. பிரித்தபோது இன்பராஜின் முத்திரை உடைந்தது.

பெண்கள் கூச்சல் போட்டார்கள். இன்பராஜ் கவரைத் திறந்து திரும்ப ஒட்டியிருக்கிறான், முத்திரையே சாட்சி, அதைப் பார்த்துவிட்ட எழுத்தரைக் கொன்றுவிட்டான் என்றார்கள். நவநீதகிருஷ்ணனும் தலையாட்டினார். இன்பராஜின் முகத்தில் முதல் தடவையாக வியர்த்தது. தங்கச்செல்வி கூச்சலைத் தடுக்கவில்லை. வாசியுங்கள் என்று மட்டும் சண்முகவேலிடம் சொன்னாள்.

சுகப்பிரியா, ஒன்பதாயிரம். நவநீதகிருஷ்ணன், நாற்பதாயிரம். இன்பராஜ், பதினெட்டாயிரம்.

பெண்கள் குலவையிட்டார்கள். சுகப்பிரியா மட்டும் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். சந்தோஷம் தாங்கவில்லை பிள்ளைக்கு என்று ஒருத்தி தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினாள். தங்கச்செல்வி அவளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். தன் பெயருக்கு ஒன்பதாயிரம் என்று வாசித்தபோது அந்தப் பெண் அசையவில்லை. நாற்பதாயிரத்துக்கும் அசையவில்லை. இன்பராஜின் பதினெட்டாயிரத்துக்குத்தான் கால் மடங்கியது.

"சுகப்பிரியா. அந்தக் கட்டவிரலக் காட்டும்மா."

அவள் காட்டவில்லை. கூட்டத்தில் நின்ற பொன்னுத்தாய்தான் மகளின் கையைப் பிடித்துத் தூக்கினாள், என்னவென்று தெரியாமல். கட்டைவிரல் நுனியில் புதுக் கொப்புளம்.

தங்கச்செல்வி பேசினாள். குரலை உயர்த்தவில்லை.

"கரண்டு போனா நம்ம பக்கம் யாரும் ஃபேன் சுவிட்ச அணைக்கமாட்டோம். ஃபேன் சுத்துனாத்தான் கரண்டு வந்துருச்சுன்னு தெரியும். ஆனா இங்க சுவிட்ச் அணைஞ்சிருந்துச்சு. ரெண்டு மணிக்குக் கரண்டு வந்து ஃபேன் சுத்தவும் யாரோ அணைச்சிருக்காக. சன்னலும் சாத்தியிருந்துச்சு, அதுவும் மூச்சு எளைப்புக்காரர் ரூம்புல. இந்த வெயில்ல எதுக்கு? மெழுகுவத்தி அணையாம இருக்கத்தான். மெழுகுவத்தி எதுக்கு? அரக்கு உருக்க. ஒரு கவரு இங்க வச்சுப் புதுசா முத்திரை போட்டிருக்கு. அதப் போட்டவுகதான் கொன்னவுக."

"அதான் சொல்றோமே," என்றாள் கூட்டத்தில் ஒருத்தி. "இன்பராஜ் முத்திரைதான் ஒடைஞ்சிருக்கு."

"ஒடைஞ்சது வெயில்ல கெடந்த முத்திரை. இந்தத் தகரத்துக்குள்ள அரக்கு இளகி ஒட்டாம இருந்தாத்தான் அதிசயம். சுகப்பிரியா கவர நீங்க எல்லாரும் கூட வந்து, குலவை போட்டு, மொத ஆளா திங்கக்கிழமையே போட்டீக. அப்ப அது அடியில கெடந்திருக்கணும். எல்லாத்தையும்விடச் சப்பிப் போயிருக்கணும். மேல இருந்துச்சு, கடையிலருந்து வாங்குனது மாதிரி. வக்கீலம்மா பழைய கவர உரிச்சு எடுத்துட்டாக. அதோட தோலு நவநீதகிருஷ்ணன் கவருக்கு அடியில இன்னும் ஒட்டியிருக்கு. அவுக ரெண்டு பேரு கவரும் வெள்ளை. அந்தத் தோலு காக்கி."

பிறகு சுகப்பிரியாவின் பையைக் கேட்டாள். கறுப்புக் கோட்டின் மடிப்புக்குள் பழைய காக்கிக் கவர் இருந்தது, ஒரு பக்கம் தோல் உரிந்து. அந்த உரிவும் இந்தத் தோலும் கச்சிதமாகப் பொருந்தின.

சுகப்பிரியா மறுக்கவில்லை. புதன்கிழமை டீக்கடையில் இன்பராஜ், எல்லார் ரேட்டும் என் கைக்கு வந்துவிட்டது, எழுத்தர் நம்ம ஆள்தான் என்று பேசியதைத் தெருவே கேட்டிருக்கிறது. சங்கரபாண்டியன் விலை போய்விட்டார் என்று அவளும் நம்பிவிட்டாள். இன்று பகலில் முந்தைய பஸ்ஸிலேயே வந்து, பின்வாசல் வழியாக உள்ளே போயிருக்கிறாள். ரேட்டு எழுதாத புதுக் கவர் கையில். இன்பராஜ் எவ்வளவு போட்டிருக்கிறான் என்று கேட்டிருக்கிறாள். யார் கவரையும் நான் பார்க்கவில்லை, பார்க்கவும் விடமாட்டேன் என்றாராம் அவர். காலில் விழுந்திருக்கிறாள். அவர் குனிந்து அவளைத் தூக்கிவிட்டு, போம்மா, நல்லபடியா நடக்கும் என்று சொல்லித் திரும்பியிருக்கிறார். பொய் சொல்கிறார் என்று நினைத்த அந்த நொடியில் கல் கைக்கு வந்துவிட்டது. பிறகு அவர் அரைஞாணிலிருந்த சாவியாலேயே பெட்டியைத் திறந்து, பூட்டி, சாவியைத் திரும்ப மாட்டியிருக்கிறாள். மற்ற கவர்களைப் பிரித்தால் தெரிந்துவிடும் என்று பயந்து, குத்துமதிப்பாக ஒன்பது என்று எழுதினாளாம். அரக்கு வைத்துப் பழக்கமில்லை. முதல் கவருக்கு அவளுடைய சீனியரின் குமாஸ்தாதான் வைத்துக் கொடுத்திருந்தார்.

தங்கச்செல்வி இன்பராஜ் பக்கம் திரும்பினாள்.

"எழுத்தர் உங்ககிட்ட ரேட்டு சொன்னாரா?"

"அந்தாளா? என்னைய வாசப்படியே மிதிக்க விடல. டீக்கடையில சும்மா ஒரு கெத்துக்குச் சொன்னேன் மேடம். பேசுறது குத்தமா?"

குற்றமில்லை. டீக்கடையில் பொய் சொன்னால் பிடித்து உள்ளே போட எந்தப் பிரிவும் கிடையாது. தங்கச்செல்விக்கு அவன் கன்னத்தில் ஒன்று கொடுக்க வேண்டும்போல் கை துறுதுறுத்தது. கொடுக்கவில்லை.

அதற்குள் சண்முகவேல் பழைய கவரைப் பிரித்துவிட்டார். கவரைக் கண்டால் பிரிப்பதும், பிரித்தால் வாசிப்பதும் அவருக்கு ரத்தத்தில் ஊறியது.

"சுகப்பிரியா, பதினைந்தாயிரம்," என்று உரக்க வாசித்தார். வாசித்து முடித்த பிறகுதான் அவருக்கே விளங்கியது. தாளைக் கீழே வைத்துவிட்டார்.

ஐந்தே கால் மணிக்கு ஜீப் வந்தது. சுகப்பிரியா யார் முகத்தையும் பார்க்காமல் ஏறிக்கொண்டாள். தெருப் பெண்கள் ஆளுக்கொரு பக்கமாகக் கலைந்தார்கள். ஒருத்திகூடப் பொன்னுத்தாய் பக்கத்தில் போய் நிற்கவில்லை. உள்ளே சண்முகவேல் விதிமுறையைப் புரட்டிக்கொண்டிருந்தார். முதல் ஆள் தகுதி இழந்தால் அடுத்த குறைந்த விலைக்காரருக்கு என்று தெளிவாக இருந்தது. இன்பராஜ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டார். திங்கட்கிழமை முதல் வேலையாக ஒரு வாய்தா வாங்கிவிடலாம் என்று ஆறுதலும் சொன்னார்.

தங்கச்செல்வி படியிறங்கியபோது பொன்னுத்தாய் வழியை மறித்தாள். அழவில்லை.

"அம்மா, எனக்குக் கணக்கு வராது. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். எம்மக மொதல்ல போட்டது பதினஞ்சு. அவன் போட்டது பதினெட்டு. பதினஞ்சுதான கொறச்சல்?"

இல்லை என்று சொல்லிவிட்டால் என்ன என்று தங்கச்செல்விக்குத் தோன்றியது. ஆனால் ஊரே கேட்டிருந்தது.

"கொறச்சல்தான்."

"அப்ப அவ சும்மா இருந்திருந்தா?"

"சும்மா இருந்திருந்தா அவதான் நம்ம வக்கீலு."

பொன்னுத்தாய் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். பிறகு, சங்கரபாண்டியன் அய்யா வீட்டுக்கு எந்தத் தெரு வழியாகப் போக வேண்டும் என்று கேட்டாள். அங்கே போகாதே, அடிப்பார்கள் என்றாள் தங்கச்செல்வி.

"அடிக்கட்டும்," என்று சொல்லிவிட்டு அவள் நடந்தாள்.