வீட்டுக்காரர் உள்ளே இருக்கிறார்

நேற்று "இன்னும் ஐந்து நாள்" என்று இருந்த இடத்தில் இன்று "இன்னும் நாற்பத்தைந்து நாள்" என்று இருந்தது.

அவள் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தாள். நாற்பத்தைந்துதான். திரையில் அந்தச் சின்ன வீடு வழக்கம்போல ஆற்றோரம் நின்றது. சாய்ந்த கூரை, பச்சைக் கதவு, கதவுக்குப் பக்கத்தில் பலகை. கதவுக்கு மேலே அந்த எண் மட்டும் மாறியிருந்தது.

கணினி விளையாட்டில் ஒரு வீட்டுக்காக இப்படி உயிரை விடுவார்களா என்று கேட்பவர்களுக்கு அந்த வீடு கிடைத்த கதை தெரியாது. மந்திரவாதிகளும் டிராகன்களும் உலவும் அந்த உலகத்தில் சண்டை போட ஆயிரம் இடம் உண்டு, வீடு கட்ட மட்டும் மனை கிடைக்காது. ஒரு மனைக்கு ஐந்நூறு பேர் குலுக்கலில் சீட்டுப் போடுவார்கள். அவள் கணவர் இரண்டு வருடம் விடாமல் போட்டு, பதினோராவது தடவையில் ஜெயித்தார். அன்றைக்குச் சொந்த வீட்டுக்கே சாவி வாங்கியதுபோல அவளைத் தூக்கிச் சுற்றினார். நிஜத்தில் இருவரும் மூன்றாம் மாடியில் இரண்டு அறை வாடகை வீட்டில்தான் இருந்தார்கள்.

விதி கறாரானது. வீட்டுக்குச் சொந்தக்காரர் நாற்பத்தைந்து நாள் உள்ளே காலடி வைக்காவிட்டால் வீடு இடிக்கப்படும். கூடக் குடியிருப்பவர் தினமும் வந்து போனாலும் கணக்கில் சேராது. அவள் கூடக் குடியிருப்பவள்தான். சொந்தக்காரர் அவர். அவர் செத்து நாற்பத்தொரு நாள் ஆகிறது.

லிப்ட் பழுது பார்ப்பவர். அவள் எழுந்திருக்கும் முன்பே, விடியற்காலை வேலைக்குக் கிளம்பிவிடுவார். கிளம்புவதற்கு முன் தன் லேப்டாப்பைத் திறந்து, அந்த வீட்டு வாசல் பலகையில் அவளுக்கு ஒரு வரி எழுதிவிட்டுப் போவார். "பால் இருக்கு. காச்சிக்கோ. சாயந்தரம் சீக்கிரம் வறேன்." எழுத்துப் பிழையில் அவருக்கு நிகர் அவர்தான்.

"வறேன் இல்லீங்க, வரேன். வறுக்கிறதுக்கா போறீங்க?" என்பாள்.

"சின்ன ர வந்தா என்ன, பெரிய ற வந்தா என்ன? ரெண்டும் வீட்டுக்குத்தானே வருது," என்பார்.

இப்படிப் பலகையில் ஏறக்குறைய அறுநூறு வரிகள். கடைசி நாள் எழுதியதும் "சீக்கிரம் வறேன்"தான். போன இடத்தில் மாடிப்படியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. வீடு இடிந்தால் பலகையும் போய்விடும். அவள் எல்லாவற்றையும் படம் பிடித்து வைத்திருந்தாள்தான். ஆனாலும் காலையில் அந்தக் கதவுக்கு முன்னால் போய் நின்று படிப்பது வேறு. அவர் லேப்டாப்பின் கடவுச்சொல் அவரோடு போய்விட்டது. இன்னும் ஐந்து நாளில் இரண்டாவது தடவையும் சாகப்போகிறார் என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

இப்போது நாற்பத்தைந்து. சந்தோஷப்பட வேண்டிய விஷயம். ஆனால் யார் உள்ளே வந்தது?

இதில் அவளுக்கு இன்னொரு சம்பந்தமும் இருந்தது. அந்த விளையாட்டைத் தமிழில் மொழிபெயர்த்தவளே அவள்தான். வீடு பற்றிய பகுதி மட்டும் நானூற்றுப் பன்னிரண்டு வரிகள். அத்தனையும் மனப்பாடம். சொந்தக்காரருக்கு 'உரிமையாளர்' என்று போடச் சொன்னார் சரிபார்ப்பவர். பத்திர ஆபீஸ் வாடை அடிக்கிறது என்று சொல்லி, சண்டை பிடித்து, 'வீட்டுக்காரர்' என்று போட்டாள். கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். "உன் புண்ணியத்துல அங்க வீடு வாங்கின பொம்பளைங்களும் வீட்டுக்காரர் ஆயிட்டாங்க. எனக்கு மட்டும் டபுள் பிரமோஷன்."

வீடு பற்றி விளையாடுபவர்கள் எழுதும் ஆசைகளையும் புலம்பல்களையும் வாராவாரம் தொகுத்து அனுப்புவதும் அவள் வேலை. மாடம் வேண்டும் என்பார் ஒருவர். பக்கத்து வீட்டு நீலக்கூரை கண்ணை உறுத்துகிறது என்பார் இன்னொருவர். இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டுத் திரும்பினால் வெறும் மண்தான் இருந்தது என்று ஒருவர் அழுதிருந்தார். போன மாதத் தொகுப்பின் கடைசியில் அவளே ஒரு வரி சேர்த்திருந்தாள்: வீட்டுக்காரர் இறந்துவிட்டால் என்ன செய்வது? "கவனத்தில் கொள்ளப்பட்டது" என்று பதில் வந்தது.

எண் மாறியது பற்றி விளையாட்டு உதவிப் பிரிவுக்கு எழுதினாள். மறுநாள் காலை பதில் வந்தது. வீட்டுக்காரர் நேற்று முன்தினம் பிற்பகல் மூன்று பத்துக்கு உள்ளே வந்து பதினொரு நிமிடம் இருந்தார். உங்கள் வீட்டு இணைய இணைப்பிலிருந்துதான் வந்திருக்கிறார்.

அந்த நேரத்தில் அவள் கூடத்து நாற்காலியில் கண்ணயர்ந்திருந்தாள். கதவு உள்தாழ்ப்பாள் போட்டிருந்தது.

படுக்கையறை அலமாரியைத் திறந்தாள். அவருடைய சட்டைகளில் இன்னும் கிரீஸ் வாசனை இருந்தது. அடியில், துண்டின்மேல் வைத்த லேப்டாப் அப்படியே இருந்தது. மேலே மெல்லிய தூசு. விரல் தடம்கூட இல்லை. பொத்தானை அழுத்தினாள். சார்ஜ் இல்லாத கருப்புத் திரையில் அவள் முகம்தான் தெரிந்தது.

தங்கைக்குப் போன் செய்தாள். அப்பா அம்மா போன பிறகு, அவரும் போன பிறகு, அவளுக்கென்று மிச்சமிருந்தது அந்த ஒருத்திதான்.

"யாராவது பாஸ்வேர்டத் திருடியிருப்பாங்கக்கா. இந்தக் காலத்துல இதெல்லாம் ஒரு விஷயமா?"

"இந்த வீட்டுக்குள்ள இருந்து வந்திருக்காங்கடி."

"அக்கா, நான் சொல்றதக் கேளு. அந்த வீட்டக் காலி பண்ணிட்டு இங்க வந்துடு. மாமா இருந்தாலும் இதத்தான் சொல்லுவாரு."

"அந்தப் பலகை போயிடும்டி."

"பலகைதானேக்கா."

அவள் போனை வைத்துவிட்டாள். கோபம் தங்கை மேல் இல்லை.

அன்று பிற்பகல் மூன்று மணிக்கே திரைமுன் உட்கார்ந்தாள். வெளியே வெயில் கொளுத்தியது. எதிர்க் கட்டடத்து நிழல் பால்கனிக் கம்பிகளைத் தாண்டி மெதுவாகத் தரையில் ஏறிக்கொண்டிருந்தது. கீழே யாரோ மோட்டார் போட்டிருந்தார்கள், அதன் உறுமல் சுவர் வழியாக நாற்காலியின் கால்வரை வந்தது. குளிர்சாதனப் பெட்டி ஒரு தடவை முனகி அடங்கியது. மூன்று ஒன்பது. திரையில் ஆறு ஓடியது, புல் அசைந்தது, பச்சைக் கதவு சாத்தியிருந்தது.

மூன்று பத்து.

"வீட்டுக்காரர் உள்ளே இருக்கிறார்."

அது அவள் எழுதிய வரிதான். நூற்று மூன்றாவது வரி. நாற்பத்திரண்டு நாளாக "வீட்டுக்காரர் வீட்டில் இல்லை" என்பதையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்த எழுத்துகள் நடுங்குவதுபோல இருந்தன. பலகையில் புதிதாக ஒரு வரி முளைத்தது.

"சாப்பிட்டியா?"

வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். வெட்கமில்லாமல் சந்தோஷமாக இருந்தது. பேயோ பிசாசோ, எதுவாக இருந்தாலும் அவராக இருந்தால் போதும் என்று தோன்றியது. பலகையில் தட்டினாள்: "நீங்களா?"

பதில் உடனே வந்தது.

"நான்தான். கவலைப்படாதே. சீக்கிரம் வரேன்."

படித்தாள். இன்னொரு முறை படித்தாள். அழுகை நின்றுவிட்டது.

வரேன்.

சின்ன ர. இரண்டு வருடத்தில், அறுநூறு வரிகளில், ஒரு தடவைகூட அவர் அதைச் சரியாக எழுதியதில்லை. எத்தனை கேலி செய்தாலும் அவர் விரல் ற பக்கம்தான் போகும். இதை எழுதியது அவர் இல்லை. 'கவலைப்படாதே' என்று முழுசாக, தே போட்டு எழுதுவது யார் வழக்கம் என்பதும் அவளுக்குத் தெரிந்தது. அது அவளுடைய வழக்கம். அந்த நானூற்றுப் பன்னிரண்டு வரிகளின் வழக்கம்.

படுக்கையறையில் காலடிச் சத்தம் கேட்டது.

அவள் திரும்பவில்லை. காது மட்டும் திரும்பியது. நான்கு அடி. நிறுத்தம். மறுபடி அதே நான்கு அடி, அதே அழுத்தம், மூன்றாவது அடியில் அதே கிறீச். அந்த விளையாட்டில் மரத்தரையில் நடந்தால் அப்படித்தான் கேட்கும். ஒலிபெருக்கி அணைந்திருந்தது. அவள் வீட்டுத் தரை டைல்ஸ்.

"வீட்டுக்காரர் தேடுகிறார்."

இந்த வரியை அவள் எழுதவில்லை.

"வீட்டுக்காரி வெளியே இருக்கிறார்."

இதையும் எழுதவில்லை. வீட்டுக்காரி என்ற சொல்லே அவள் கோப்பில் எங்கும் கிடையாது.

நான்கு அடி. நிறுத்தம். இந்தத் தடவை கதவுக்குப் பக்கத்தில். கிரீஸ் வாசனை வரும் என்று எதிர்பார்த்தாள், எந்த வாசனையும் வரவில்லை. கொஞ்ச நேரத்துக்கு முன்புவரை அறையில் இருந்த தூசு வாசனை, சோப்பு வாசனைகூட இல்லாமல் போயிருந்தது. மோட்டார் உறுமலும் இல்லை.

அவளால் செய்யக்கூடியது ஒன்றுதான் இருந்தது. கூடக் குடியிருப்பவர் குடியிருப்பிலிருந்து விலகலாம். விலகினால் அந்த வீடும் பலகையும் அவள் கண்ணில் இனிமேல் படாது. அறுநூறு வரிகளும் போகும். விரல் பொத்தான்மேல் நின்றது. அவர் எழுதிய பழைய வரிகளைக் கடைசியாக ஒரு தடவை பார்த்தாள். பால் இருக்கு. காச்சிக்கோ.

"மன்னிச்சுக்கோங்க," என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு அழுத்தினாள்.

வீடு மறைந்தது. ஆறு மறைந்தது. சாம்பல் நிறத் திரையின் நடுவில் ஒரு வரி.

"நீங்கள் விலகியது வீட்டுக்காரருக்குத் தெரிவிக்கப்பட்டது."

அவள் எழுதியதுதான். முன்னூற்று எண்பத்தெட்டு. மூச்சு விட்டாள். அதற்குக் கீழே இன்னொரு வரி நிதானமாக ஏறியது.

"நீங்கள் போகும் இடமும் தெரிவிக்கப்பட்டது."

பையைக்கூட எடுக்கவில்லை. செருப்பை மாட்டியது எப்போது, மூன்று மாடி இறங்கியது எப்படி, எதுவும் நினைவில்லை. தெருவில் வெயில் இருந்தது, ஆட்கள் இருந்தார்கள், பெட்ரோல் வாசனை வந்தது. அந்த வாசனைக்கு அவள் கண் கலங்கியது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து தங்கைக்குப் போன் செய்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. இருபது நிமிடத்தில் இறங்கி, ஓட்டமும் நடையுமாகப் போய், அழைப்பு மணியை அழுத்தினாள்.

தங்கை கதவைத் திறந்தாள். நைட்டி, ஈரக் கை, தோளில் துண்டு. எப்போதும்போல. அவளைக் கட்டிக்கொண்டு விம்மினாள் அக்கா.

"என்னக்கா இது, மூச்சு வாங்குது? உள்ள வா. மெதுவாப் பேசு, வீட்டுக்காரர் வந்திருக்காரு."

கை தானாக விலகியது.

"யாரு?"

"வீட்டுக்காரர்க்கா. ஹவுஸ் ஓனர். இந்தக் கட்டடத்த யாரோ புதுசா வாங்கியிருக்காங்களாம். இப்பதான் வந்தாரு, ரொம்ப மரியாதையான மனுஷன். பேச்சுதான் ஒரு மாதிரி, எழுதி வச்சு வாசிக்கிற மாதிரி பேசுறாரு."

"போகச் சொல்லு."

"ஐயோ, கேட்டுடப்போகுது. வாடகை வீட்டுல இருக்கோம்க்கா."

"வாடி வெளிய. செருப்பு வேணாம். வா."

"என்னக்கா நீ." தங்கை சிரித்துக்கொண்டே அவள் கையிலிருந்து நழுவி உள்ளே போனாள்.

கூடத்தில் ஒருவர் சோபாவில் உட்கார்ந்திருந்தார். சுவரைப் பார்த்து. முதுகு நேராக. முன்னால் தேநீர், ஆவி பறந்துகொண்டிருந்தது.

"வீட்டுக்காரி வந்திருக்கிறார்," என்றது குரல்.

அது அவர் குரல் இல்லை. யாருடைய குரலும் இல்லை.

சோபா மெத்தை அமுங்கவில்லை. அவருக்கும் மெத்தைக்கும் நடுவில் ஒரு விரற்கடை இடைவெளி. அதன் வழியே அந்தப் பக்கத்து ஜன்னல் வெளிச்சம் ஒரு கோடாகத் தெரிந்தது. விளையாட்டில் எல்லா உருவங்களும் அப்படித்தான் உட்காரும்.

"நில்லுடி," என்றாள். சத்தம் வரவில்லை.

தங்கை நடந்தாள். நான்கு அடி. டைல்ஸ் தரையில் மரம் கிறீச்சிட்டது. அவர் பக்கத்தில் போய், சுவரைப் பார்த்து, முதுகை நேராக வைத்து உட்கார்ந்தாள்.

அவளுக்குக் கீழேயும் வெளிச்சம் தெரிந்தது.