ஐந்து முடிச்சுகள்

யாரோ நம் பின்னாலேயே வருகிறார்கள். திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால், நமக்குத் தெரிந்துவிட்டது என்று அவர்களுக்கும் தெரிந்துவிடும்.

மூன்று மாடி ஏறும்வரை எலிக்குட்டி இதையே நினைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பத்து வயது. கரப்பானுக்குப் பயம், இடிக்குப் பயம் என்பதால் சித்தி வைத்த செல்லப்பெயர் அது. இன்றைக்கோ சித்தியே பயந்துபோயிருந்தாள். அதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய பயமாக இருந்தது.

வழக்கமாக எலிக்குட்டி பள்ளியிலிருந்து தனியாகத்தான் பேருந்தில் வருவாள். இன்று மழை. சித்தி தன் தையல் கடையைச் சீக்கிரம் மூடிவிட்டு அழைத்துவர வந்திருந்தாள். பேருந்தை விட்டு இறங்கியதும் சித்தியின் போனில் ஒரு செய்தி வந்தது.

‘உங்களுக்குச் சொந்தமில்லாத ஒரு கருவி உங்களோடு நகர்ந்துகொண்டிருக்கிறது.’

கீழே ஒரு வரைபடம். பள்ளி வாசலில் ஒரு சிவப்புப் புள்ளி. பாலத்தில் ஒன்று. இறங்கிய இடத்தில் ஒன்று.

வீட்டுக்குள் வந்ததும் சித்தி தாழ்ப்பாள் போட்டாள். நாற்காலியை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்தாள்.

“லைட்டை அணை!”

“லைட்டே போடலையே, சித்தி.”

“சரி, போடாதே!”

“அம்மாவைக் கூப்பிடலாமா?”

“உங்கம்மா யாருக்காவது ஆபரேஷன் பண்ணிட்டிருப்பா. போனை வெளியில வெச்சுட்டுத்தான் உள்ள போவா.”

எலிக்குட்டி குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “அது நம்மள எப்படிப் பார்க்குது? அதுக்குக் கண்ணு இருக்கா?”

“கண்ணெல்லாம் இல்ல. சாவி, பர்ஸ் தொலையாம இருக்க மாட்டுவாங்களே, சின்ன வட்டம். பக்கத்துல போற போன்லாம், ‘இது இங்க இருக்கு’ன்னு அதோட சொந்தக்காரருக்குச் சொல்லிடும். போனைக் கையில வெச்சிருக்கறவங்களுக்கே அது தெரியாது.”

“அப்ப உன் போன் மட்டும் ஏன் நமக்குச் சொல்லிச்சு?”

“என் போன் கதவு திறந்த வீடு மாதிரி. யார் வேணா செயலி எழுதி உள்ள போடலாம். என் பக்கத்துக் கடை ரிப்பேர்காரர் ஒண்ணு போட்டுக் கொடுத்தார். எந்தக் கம்பெனி வட்டம் கூட வந்தாலும் பிடிச்சுடும்.”

எலிக்குட்டி பேருந்தை நினைத்துப் பார்த்தாள். இடம் கொடுத்த தாத்தா, பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்த அக்கா. எல்லோரும் நல்லவர்கள். அவர்கள் பையிலிருந்த போன்கள்தான் அவளைக் காட்டிக் கொடுத்துக்கொண்டு வந்திருக்கின்றன.

ஆனால் கூடவே வருகிறது என்றால், நம்மிடம் உள்ள ஏதோ ஒன்றில்தானே இருக்க வேண்டும்?

“சித்தி, ‘ஒலி எழுப்பு’ன்னு ஒரு பட்டன் இருக்கு பாரு. அமுக்கு.”

“அமுக்கினா வெடிச்சுடுமோ?”

“ஒலின்னுதானே போட்டிருக்கு!”

சித்தி கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினாள்.

கீக். கீக். கீக்.

சத்தம் பள்ளிப் பைக்குள்ளிருந்து வந்தது. இருவரும் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள்.

“ஜன்னல் வழியாத் தூக்கி வீசிடறேன்!”

“ஐயோ, என் வீட்டுப்பாடம் இருக்கு!”

எலிக்குட்டி மெல்ல நகர்ந்து போய்ப் பையைத் தொட்டாள். தோளில் மாட்டும் பட்டியின் அடியில் ஏதோ கெட்டியாகத் தட்டுப்பட்டது. அந்த இடத்தைப் புதிதாகத் தைத்திருந்தார்கள். சித்தி குனிந்து பார்த்தாள். பயத்துக்கு நடுவிலும் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

“யார் இப்படித் தைச்சது? அஞ்சு தையலுக்கு அஞ்சு முடிச்சு! ஒவ்வொண்ணையும் தனித்தனியா வெட்டி விட்டிருக்கு. தொழிலே தெரியாத ஆளு!”

எலிக்குட்டி தன் முழங்காலைப் பார்த்தாள். போன வருடம் சைக்கிளிலிருந்து விழுந்த தழும்பு. அன்று அதில் மூன்று தையல், மூன்று முடிச்சு. ‘ஒண்ணு அறுந்தாலும் மத்தது பிடிச்சுக்கும், கண்ணு’ என்று சொல்லிக்கொண்டே தைத்த டாக்டர்...

“சித்தி, இது அம்மா.”

சித்தி கத்தரிக்கோலால் முடிச்சுகளை வெட்டினாள். உள்ளேயிருந்து வெள்ளை வட்டம் ஒன்று உருண்டு விழுந்தது. எலிக்குட்டிக்குப் பயம் போய்விடவில்லை. அதை இரண்டு விரலால் எடுத்து மேசைமேல் வைத்தாள்.

ஆறு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. “திறங்க! சாவியை எங்க வெச்சேன்னே தெரியல.”

சித்தி நாற்காலியை நகர்த்திக் கதவைத் திறந்தாள். அம்மா மேசைமேல் இருந்த வட்டத்தைப் பார்த்தாள். அப்படியே உட்கார்ந்தாள்.

“போன மாசம் நீ ஸ்டாப் மாறி இறங்கினியே. நாற்பது நிமிஷம் நீ எங்க இருக்கேன்னு எனக்குத் தெரியல. மறுநாளே இதை வாங்கித் தைச்சேன்.”

“சொல்லியிருக்கலாமேம்மா.”

“சொன்னா நீ பயப்படுவேன்னுதான்.”

“ஆமாக்கா, சொல்லாததால ரொம்ப தைரியமா இருந்தோம்” என்றாள் சித்தி. “அந்த நாற்காலியைக் கேளு, சொல்லும்.”

அம்மா சிரிக்கவில்லை. வட்டத்தை எடுத்து நீட்டினாள். “இப்பதான் உனக்குத் தெரிஞ்சுபோச்சே. மறுபடியும் பையில வெச்சுக்கோ கண்ணு. எனக்காக.”

நீட்டிய கையை அம்மா மடக்கவே இல்லை. முழங்காலில் தையல் போட்ட அதே விரல்கள். ‘சரிம்மா’ என்று சொல்லிவிடலாம்போல இருந்தது எலிக்குட்டிக்கு. ஆனால் அந்தச் சிவப்புப் புள்ளிகள் கண்ணுக்குள்ளேயே நின்றன.

“இறங்கினதும் ஸ்டாப்புக்கு எதிர்ல இருக்கற மருந்துக் கடை போன்லேர்ந்து தினமும் உன்னைக் கூப்பிடறேன்மா. நீ எடுக்கலைன்னா சித்தியைக் கூப்பிடறேன்.”

“கூப்பிடு. இதையும் வெச்சுக்கோயேன்.”

எலிக்குட்டி வட்டத்தை வாங்கிக்கொண்டாள். அம்மாவின் கைப்பைக்குள் கையை விட்டு, கைக்குட்டைக்கு அடியில் கிடந்த வீட்டுச் சாவியை எடுத்தாள். வட்டத்தின் ஓரத்தில் ஒரு துளை இருந்தது. அதைச் சாவி வளையத்தில் மாட்டினாள். பிறகு சாவியை அம்மாவின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினாள்.