குங்குமம் பட்ட கோர்ன்வால்

"அவருக்கு இன்னும் என்னில கோபம்," என்றார் இராஜேஸ்வரி. "புத்தகத்தை எங்க பிரிச்சாலும் அந்தப் பக்கம்தான் வருது."

1997 ஜூன் மாதத்து ஈரமான காலை. ஊர்க்காரரின் சிக்கல்களை அவிழ்ப்பதில் பெயர்போனவரான மகாதேவன், இளைப்பாறிய நில அளவையாளர், புறநகரான கிளென் வேவர்லியில் இருந்த இராஜேஸ்வரியின் வீட்டுக்குக் கலாவோடு வந்திருந்தார். கலா நூலகத்தில் பழைய புத்தகங்களைச் செப்பனிடுபவள். மேசையில் இருந்த தோல் அட்டைப் புத்தகத்தைக் கண்டதும் அவளுக்குக் கை துறுதுறுத்தது. நானூறு வருடத்துக்கு முன் லண்டனில் செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிட்டு, கையால் வண்ணம் தீட்டிய இங்கிலாந்து மாவட்டங்களின் வரைபடத் தொகுப்பு அது.

அதைத் தேடிச் சேர்த்த, இராஜேஸ்வரியின் கணவர் கிருஷ்ணசாமி இறந்து மூன்று மாதம். தினமும் காலையில் ஒரு வரைபடம் பார்ப்பது அவர் வழக்கம். இப்போது அவருடைய மூக்குக்கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு தேத்தண்ணி வைத்துவிட்டு மனைவி பிரிக்கிறார்.

"போன வருசம் சரஸ்வதி பூசைக்கு, விரிஞ்சு கிடந்த கோர்ன்வால் படத்தில குங்குமம் வைச்சிட்டன். இவ்வளவு பழைய தாள் எண்டு யோசிக்கேல்லை. அவர் ரெண்டு நாள் என்னோட கதைக்கேல்லை. பிறகு அஞ்சு மாசம் ஆஸ்பத்திரி. வீட்டுக்குத் திரும்பி வரவேயில்லை."

"அதுக்குப் பிறகு புத்தகம் வெளியில போனதோ?" என்று கேட்டார் மகாதேவன்.

"தை மாசம் ஒருக்கா. தையல் விட்டிட்டுது எண்டு சிறிதரன்தான் கொண்டு போனவர்."

எதிர்க் கதிரையில் இருந்த கிருஷ்ணசாமியின் தம்பி சிறிதரன் தலையாட்டினார். "அண்ணி, சனிக்கிழமை இதை நான் கொண்டு போறன். இங்க இருக்குமட்டும் அண்ணாவின்ர ஆத்மாவுக்குச் சாந்தியில்லை."

இராஜேஸ்வரி கண்ணை மூடிப் பிரித்தார். கோர்ன்வால். ஓரத்தில் சிவப்புப் பொட்டு. கலாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. உண்மையைச் சொன்னால், மகாதேவனும் ஒரு கணம் அந்தக் கண்ணாடியைப் பார்த்தார்.

பிறகு பழக்கதோஷத்தில் பொட்டை மோதிரவிரலால் தொட்டு நெற்றிக்குக் கொண்டுபோனவர், பாதியில் நிறுத்தினார். விரலில் ஒரு துளி சிவப்பும் இல்லை.

"கலா, பின்பக்கங்களைப் பாரும்."

"மத்த படங்கள்ல பச்சை தீட்டின இடமெல்லாம் பின்னாடி பழுப்பேறியிருக்கு சார். அந்தக் காலத்துப் பச்சையில செம்பு உண்டு, காகிதத்தை அரிச்சிடும். இதுல மட்டும்..." அவள் குரல் உயர்ந்தது. "சுத்தமா இருக்கு!"

"இது நகல்," என்றார் மகாதேவன். "தடிச்ச புதுத்தாளை நடுவில ஒட்டினதால புத்தகத்தின்ர முதுகு அந்த இடத்தில விட்டுக் குடுத்திட்டுது. அதுதான் எப்பவும் அங்கேயே விரியுது."

"ஆர் எப்ப மாத்தினாங்களோ, ஆருக்குத் தெரியும்?" என்றார் சிறிதரன்.

"பொட்டுக்குத் தெரியும். நகலிலயும் குங்குமம் அச்சாகியிருக்கு. அப்ப பூசைக்குப் பிறகுதான் நகல் எடுத்திருக்கு. அதுக்குப் பிறகு புத்தகம் வெளியில போனது உம்மட கையில மட்டும். வெளியாள் அதைக் கறை எண்டு அழிச்சிருப்பான். அண்ணி பொட்டைத் தேடுவா எண்டு தெரிஞ்ச நீர் அதையும் சேர்த்து அச்சடிச்சீர். முழுப் புத்தகத்தையும் கொண்டு போனால் ஒருத்தரும் பார்க்கமாட்டினம் எண்டு, செத்த அண்ணாவையும் துணைக்குக் கூப்பிட்டீர்."

சிறிதரன் கார்ச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். ஒரு மணிநேரத்தில் அசல் வரைபடம் மேசைக்குத் திரும்பி வந்தது. பொட்டு கொஞ்சம் உதிர்ந்திருந்தது.

"அப்ப அவருக்குக் கோபமில்லை," என்றார் இராஜேஸ்வரி.

"இல்லையம்மா."

"வரவும் இல்லையோ?"



கலா நகலைப் பிரித்தெடுக்க மெல்லிய கத்தியை எடுத்தாள். இராஜேஸ்வரி அவள் கையைப் பிடித்தார். "எடுக்காதை பிள்ளை. அசலைப் பெட்டிக்குள்ள வை. இது இப்பிடியே இருக்கட்டும்."

ஆறிப்போன தேத்தண்ணியை ஊற்றிவிட்டுப் புதிதாக ஒன்று கொண்டுவந்து கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்தார். புத்தகத்தை மூடி, கண்ணையும் மூடிக்கொண்டு பிரித்தார்.

"வந்திட்டீங்களோ?" என்றார்.